பசுவைப் படமெடுக்கப் போன மாலை

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் ஒரு மாலை, என் தொடையில் குண்டு பாய்ந்துவிட்டது என்று முழுமனதாக நம்பினேன். வலி இல்லை. ஆனால் ஈரமாக இருந்தது, சூடாகவும் இருந்தது. இரத்தம் என்றால் அப்படித்தானே இருக்கும்.

அப்போது ரெம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்பு லயங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் யாரும் வெளியே போகக் கூடாது. உள்ளே மனிதர்களுக்கே இடம் போதவில்லை. மாடுகளை விற்றுவிட வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னவன் நான்தான்.

பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுக்கும் ஓர் அக்காவிடம் செவலைப் பசு ஒன்று இருந்தது. தாய் செத்துப்போய்க் கன்றாக நின்றபோது, அதற்குக் கஞ்சித்தண்ணீர் ஊட்டி வளர்த்தது அவருடைய மகள். அந்தப் பெண்ணைப் புக்கிட் பெலண்டோக் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். இப்போது நிறைமாதம், வந்து பார்க்க வழியில்லை. மறுநாள் காலை பசுவை ஏற்றிப்போக லோரி வருகிறது. என்னிடம் கேமரா இருப்பது தெரிந்து அக்கா வந்து கேட்டார். மகளுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டும், அவ்வளவுதான்.

ரஹாங்கில் படக்கடை வைத்திருந்த நண்பனிடம் ஒரு பிளாஷ் வாங்கி வைத்திருந்தேன். அதைக் காட்டிக்கொள்ள இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. கொட்டகையில் வெளிச்சம் பற்றாது என்று டாக்டர் நோயைச் சொல்வது போல் சொல்லி, பல்பை மாட்டினேன். அக்கா பசுவைக் குளிப்பாட்டி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கிட்டப் போய்க் குனிந்தேன். பசு நாக்கை நீட்டி என் கழுத்து வியர்வையை நக்கியது. மாட்டு நாக்கு அரம் மாதிரி. கேமரா கையைவிட்டுப் போனது.

டப்பென்று ஒரு சத்தம்.

வெடிச்சத்தம் கேட்டால் குப்புறப் படுங்கள் என்று அந்த ஜனங்களுக்கு அறிவிப்பு வாசித்தவன் நான். என் பேச்சை நானே கேட்டேன். அக்கம்பக்கத்திலும் எல்லோரும் படுத்துவிட்டார்கள். குழாயடியில் குடங்கள் உருண்டன. வேலிவாசலில் காவலர்கள் ஓடும் சத்தம். நான் மாரியம்மனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்: மொட்டை, காவடி, இனிமேல் சீட்டாடுவதில்லை.

அக்கா மட்டும் படுக்கவில்லை. கயிற்றை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்து, திமிறும் பசுவின் கழுத்தோடு முகத்தை வைத்து நின்றார். படுங்கக்கா, படுங்கக்கா என்று தரையிலிருந்து முனகினேன்.

"கயித்த விட்டா வேலிப்பக்கம் ஓடிரும் ஐயா. அங்க நிக்கிறவன் மாடா மனுசனான்னு பாத்தா சுடப்போறான்?"

அவரும் அதைத் துப்பாக்கிச் சத்தம் என்றுதான் நினைத்திருக்கிறார். நினைத்துக்கொண்டே நின்றிருக்கிறார்.

பசு அடங்கிய பிறகுதான் கீழே பார்த்தார். "எந்திரிங்க. ஒங்க பொட்டிதான் விழுந்து வெடிச்சிருக்கு. நீங்க படுத்திருக்கறது மாட்டு மூத்திரத்துல."

காவலர்கள் வந்து பார்த்து, சிரித்துவிட்டுப் போனார்கள். அக்கா சிரிக்கவில்லை. படம் விழுந்ததா என்று கேட்டார். கேமராவின் பின்மூடி திறந்து, பிலிம் சுருள் வெளியே கிடந்தது. பையில் இன்னொரு பல்பு இருந்தது. ஆனால் கேமராவின் பொத்தானை அழுத்தினால் அசையவே இல்லை. சொன்னேன்.

"விடுங்க ஐயா. அவளப் பாக்கறப்ப வாயால சொல்லிக்கிறேன்."

அப்படிச் சொல்லிவிட்டு, பசுவின் கொம்பையும் காதையும் மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். எதை முதலில் சொல்வது என்று பார்க்கிறார் போலிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். யாரும் சுடவில்லை. பிளாஷ் பல்பு தண்ணீர்த்தொட்டிக் கல்லில் பட்டு உடைந்தது. மறுநாள் காலை லோரி வந்தது. பசுவை ஏற்றிக்கொண்டு போனார்கள். படம் இல்லை.