அம்மா பாடிய இசைத்தட்டு

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ராக் அண்ட் ரோல் இசைத்தட்டில் பாடியிருப்பதாக அம்மா அவ்வப்போது சொல்வார். பிள்ளைகள் நாங்கள் யாரும் நம்பியதில்லை. தட்டச்சு வேலை பார்த்து எங்களை வளர்த்தவர். ஞாயிறு தவறாமல் தேவாலயத்தில் ஞானப்பாட்டு பாடுபவர். காட்டுவதற்கு அவரிடம் தட்டும் இல்லை. இருந்த ஒன்றையும், "குடும்பப் பொண்ணு பாடுற பாட்டா இது" என்று தாத்தா உடைத்துப் போட்டுவிட்டாராம்.

அம்மா சொல்லும் கதை இதுதான்: இங்கே பர்மாவில், இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்த மூன்று இளைஞர்கள் கிதார் வாங்கிக் குழு சேர்த்தார்கள். ரேடியோவில் கேட்ட மேல்நாட்டுத் தாளத்துக்குப் பர்மியச் சொற்களைப் போட்டு ஒரு காதல் பாட்டுக் கட்டினார்கள். கூடப் பாட ஒரு பெண்குரல் தேவைப்பட்டது. தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த, பதினெட்டு வயது அம்மாவைக் கூப்பிட்டார்கள். ஒரே அறை, ஒரே மைக். சில மாதங்கள் டீக்கடைகளில் அந்தப் பாட்டு ஓடியது. பிறகு அந்த மாதிரிப் பாட்டுகளுக்கே காலம் சரியில்லாமல் போய், குழுவும் கலைந்தது.

போன மழைக்காலத்தில் க்யிம்யிண்டைங் சந்தைக்குப் போனபோது, பழைய ரேடியோ பழுதுபார்க்கும் ஒரு கடையில் மழைக்கு ஒதுங்கினேன். நான் போனில் அம்மாவிடம் தமிழில் பேசியதைக் கேட்டு, கடைக்கார பாய் உட்கார முக்காலி போட்டார். எழுபதைத் தாண்டியவர். அலமாரியில் சில இசைத்தட்டுகள் தெரிந்தன. மழை விடுகிற வரைக்கும் ஏதாவது பேச வேண்டுமே என்று அம்மா சொன்ன கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"பாட்டு எப்படிப் போகும்?" என்று கேட்டார்.

அம்மா முணுமுணுக்கிற இரண்டு வரியைப் பாடிக் காட்டினேன்.

"எங்க அண்ணன் டீக்கடையில தேயத் தேய ஓடுன பாட்டாச்சே. வீட்டுப் பரண்ல கிடக்கும். தேடிப் பாக்குறேன், தங்கச்சி" என்று எங்கள் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து எங்கள் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினார், மடியில் தட்டும் பிளேயருமாக. அப்போது கரண்ட் இல்லை. வரும் வரை காத்திருந்தார். அம்மா டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, இங்கே பெண்களும் கட்டுகிற லுங்கியின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார்.

கரண்ட் வந்ததும் முதலில் வெறும் கரகரப்பு, பிறகு கிதார். அதற்குப் பின்னால் கூச்சமே இல்லாத ஒரு சின்னப் பெண்ணின் குரல். அம்மா அசையாமல் கேட்டார். நடுவில் மட்டும் விரலை உயர்த்தி, "இந்த இடத்துல முந்திக்கிட்டேன். திரும்பப் பாட விடல" என்றார்.

"மன்னிச்சுக்கம்மா. நாங்க நம்பவே இல்ல" என்றேன்.

"எனக்கே சந்தேகம் வந்திருச்சும்மா, கனவு கினவு கண்டேனோன்னு."

பாய் தட்டை உறையில் போட்டு அம்மாவிடம் நீட்டினார். "ஒங்க அண்ணனோடதாச்சே" என்று அம்மா தயங்கினார்.

"அண்ணன் இருந்திருந்தா அவரே கொண்டாந்து குடுத்திருப்பாரு, அக்கா. வச்சுக்குங்க."

பிளேயரையும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று விட்டுப் போனார். முன்பின் தெரியாதவர்களுக்காகப் பரணெல்லாம் ஏறித் தேடிய அந்த மனிதருக்கு வாசல் வரை போய் நன்றி சொன்னேன். அது போதவே இல்லை என்று இன்றும் தோன்றுகிறது.

சாயங்காலம் தட்டை மறுபடி போட்டபோது, மாடியில் குடியிருக்கும் பர்மியப் பெண் எட்டிப் பார்த்து, யார் பாடுவது என்று விசாரித்தாள்.

"நான்தான்" என்றார் அம்மா. அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.