வவ்வால் கடித்த பக்கம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்து வாசியுங்கள். பேச வேண்டிய இடத்தில் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையில் ஒரு கத்தி கிடக்கிறது. விரல் நீளம்தான். நுனி வளைந்தது. மரப்பிடியில் என் கட்டைவிரல் பதிந்து பதிந்து பள்ளம் விழுந்திருக்கிறது. சங்கரன்கோவில் தேரடிப் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்தது.

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கடைக்குக் கொய்யா வரும். அங்கே குளத்தங்கரை மருத மரங்களில் பகலெல்லாம் தொங்கும் வவ்வால்கள் இருட்டியதும் தோப்பில் இறங்கும். மற்ற கடைக்காரர்கள் ஒதுக்கும் கடிபட்ட பழங்களை அண்ணாச்சி கேட்டு வாங்குவார். "வவ்வாலு வாய வச்சுட்டுன்னா பழம் பக்குவமாயிட்டுன்னு அர்த்தம்லே. நம்ம நாக்கவிட அதுக்குத் தெரியும்" என்பார். கடைக்குப் பின்னால் சாக்குப் படுதாவுக்கு அந்தப்புறம் உட்கார்ந்து, கடிபட்ட பக்கத்தைக் குடைந்து எறிவது என் வேலை. மிச்சத்தைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவினால் முன்னால் தட்டுக்குப் போய்விடும். சாயங்காலம் விற்காமல் நின்றதைப் பையில் போட்டு, "பிள்ளைக்குக் கொண்டு போலே" என்று என் கையில் திணிப்பார். என் மகளுக்கு அந்தப் பழம் என்றால் உயிர். இப்படி மனசுள்ள முதலாளி யாருக்கு வாய்ப்பார் என்று வீட்டில் சொல்லிச் சொல்லிப் பூரிப்பேன்.

கேரளாவில் நிபா காய்ச்சல் என்று டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த சமயம், சுகாதாரத்துறையிலிருந்து ஒருவர் கடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். படுதாவை விலக்கினார். மடியில் கூடையும் கையில் கத்தியுமாக நான். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். "எனக்குத் தெரியாம என்ன காரியம்லே பண்ணிட்டிருக்க?" என்றார். பிறகு வந்தவரிடம் திரும்பி, "படிக்காத பய சார். நான் முன்னால யாவாரத்தப் பாக்கேன், இவன் பின்னால இப்படிப் பண்ணுதான்" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். வந்தவர் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் குந்தி நிதானமாகச் சொன்னார். பழந்தின்னி வவ்வால்கள் சிலவற்றின் உடம்பில் அந்தக் கிருமி இருக்கலாம். வவ்வாலை அது ஒன்றும் செய்யாது. எச்சில் பட்ட பழத்தின் வழியாக மனிதனுக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. கடித்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதாது. இங்கே யாருக்கும் வரவில்லை, பயந்துபோய் வவ்வால்களை விரட்டவும் வேண்டாம் என்றார். மடியிலிருந்த கூடையை இறக்கி வைத்தேன். முந்தின நாளிலிருந்து என் மகளுக்குக் காய்ச்சல்.

அண்ணாச்சி அன்றே என்னை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார். பஜாரில் ஒருவன், "ஏ வவ்வாலு, இன்னைக்கு எந்த மரத்துல தொங்கப் போற?" என்று கேட்டான். ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லப்படாதா என்று என் மனைவி அழுதாள். ஆஸ்பத்திரியில்தான் சொன்னேன். மகள் என்ன தின்றாள், எத்தனை காலமாகத் தின்றாள் என்று டாக்டரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். ரத்தம் எடுத்துப் போனார்கள். முடிவுக்காகப் பெஞ்சில் காத்திருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த அண்ணாச்சியின் மகள், என் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். அண்ணாச்சி அவள் கையைத் தட்டிவிட்டார். "ஏட்டி, அதத் தொடாத. எச்சி." பிறகு கடிபடாத பழமாகத் தேடி எடுத்து, வேட்டியில் துடைத்துக் கொடுத்தார். அன்று அதைப் பார்த்து நான் சிரித்தேன். நிபா என்ற பேர் அப்போது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் தன் பிள்ளைக்கு ஆகாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மகளுக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல்தான். நான் இப்போது பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறேன். பொழுது சாய்கையில் வவ்வால்கள் கோபுரத்துக்கு மேலே போவதைப் பார்க்கிறேன். அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. அவை யாரையும் நம்பச் சொல்லவில்லை.

நேற்று கோவில் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் அண்ணாச்சி எதிரே வந்தார். "என்னலே, கடப்பக்கம் ஆளையே காணும்? பிள்ள சொகமா இருக்காளா?" என்றார், எதுவுமே நடக்காதது போல. பைக்குள் கைவிட்டு ஒரு கொய்யாவை எடுத்து, "அவளுக்குக் குடு" என்று நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்ல பழம். ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் மகள் கையில் கொடுக்க மனம் வரவில்லை. ஜன்னல் கட்டையில் அந்தக் கத்திக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எழுதியது: ஆடித்தபசுக்கு மறுநாள்.