பார் வரைபடத்தைத் திறக்க மறுத்தவர்

கடந்த திங்கட்கிழமை எங்கள் அலுவலகம் தன் வரலாற்றிலேயே நினைவுகூரத்தக்க ஒரு முடிவை எடுத்தது. இனி எந்தக் கோப்புக்கும் 'இறுதி', 'இறுதியின் இறுதி', 'இதுதான் இறுதி' என்று பெயரிடுவதில்லை. தேநீர் இடைவேளையைத் தியாகம் செய்து, ஏகமனதாக நிறைவேற்றினோம். பல ஆண்டுகளாக இதை வலியுறுத்தி வந்தவர் தவமலர் அம்மையார். நோயுற்று வீட்டில் இருந்த அவருக்குச் சொல்லலாம் என்று தொலைபேசியில் அழைத்தேன். மகள் எடுத்தார். அம்மா விடியற்காலையில் காலமாகிவிட்டார் என்றார்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் அலுவலகத்தில், பல திணைக்களங்கள் பகிர்ந்துகொள்ளும் கடல் தரவுகள் சேர்கின்றன. ஒவ்வொன்றும் என்ன, யார் திரட்டியது, எவ்வளவு நம்பலாம் என்று விவரம் எழுதுவதும், யார் எதைப் பார்க்கலாம் என்று அனுமதி வழங்குவதும் அம்மையாரின் பணி. வந்த புதிதில் 'கடல்' என்ற பெயரில் ஒரு கோப்பைக் கண்டார். விவரம் எழுதும் இடத்தில் 'கடல் பற்றியது' என்று இருந்தது. அனுப்பியவரை அழைத்தார்.

"தம்பி, எந்தக் கடல்? ஆர் அளந்தது? எதால அளந்தது?"

"கயிறு போட்டு நான்தான் அளந்தனான், மிஸ். அண்டைக்கு எனக்குக் காய்ச்சலும்."

அம்மையார் அப்படியே பதிந்தார்: 'கயிற்றால் அளந்தது. அளந்தவருக்குக் காய்ச்சல். கப்பல் விடப் பாவிக்க வேண்டாம்.' எங்கள் களஞ்சியத்தில் முழுதும் நம்பத்தக்க முதல் வாக்கியம் அதுவே.

பின்னர், கடலில் மண் கொட்டும் திட்டம் ஒன்று வந்தபோது, அவர் ஈச்சிலம்பற்று மீனவரிடம் போனார். மீன் கூடும் கடலடிப் பாறைகளை அவர்கள் பார் என்பார்கள். மண் அங்கே விழாமலிருக்க, பார்களின் இடம் தெரிய வேண்டும். சொந்த மைத்துனருக்கே அதைச் சொல்லாதவர்கள் அம்மையாருக்குச் சொன்னார்கள். தங்களைக் கேளாமல் வேறெவருக்கும் காட்டுவதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

சென்ற ஆண்டு பெரிய படகு முதலாளி ஒருவர் அந்த வரைபடத்தைக் கேட்டார். வெளிச்சம் பாய்ச்சிப் பிடிக்கும் அவரது படகுகள் அங்கே போனால், ஒரே பருவத்தில் பார் வெறும் கல்லாகிவிடும். எங்கள் அலுவலகத் தலைவரான பணிப்பாளர் அவரைத் தாமே கூட்டிக்கொண்டு வந்தார்.

"மிஸ், எங்கட ஆள்தான். ஒருக்காத் திறந்து விடுங்கோவன்."

"எனக்கு ஏலாது சேர். சனம் தந்தது. அவையைத்தான் கேக்கவேணும்."

"கொம்பியூட்டர் அரசாங்கத்தின்ர. தெரியும்தானே?"

"ஓம் சேர். கொம்பியூட்டரைக் கொண்டுபோகச் சொல்லுங்கோ."

முதலாளி சிரித்துவிட்டார். பணிப்பாளர் சிரிக்கவில்லை.

நோய் முற்றியபோது, தமக்குப் பின் யார் அனுமதி தருவது என்ற ஒழுங்கை அம்மையார் திணைக்களங்களின் கூட்டுக் குழுவின் முன் வைத்தார். பார் வரைபடத்துக்கு அனுமதி தரும் பொறுப்பு ஈச்சிலம்பற்று மீனவர் சங்கத்திடம் போகும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார். அது கூட்டத்தின் கடைசி விடயம், புரியாணி வந்திருந்தது. குழு முழு மனதோடு இசைந்தது. பணிப்பாளரும் கையொப்பமிட்டார்.

செத்தவீட்டுக்கு ஈச்சிலம்பற்றிலிருந்து ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள். சங்கச் செயலாளர் பெட்டியருகே நெடுநேரம் நின்றார். "மிஸ், எங்கட கடலை நீங்கள் ஆருக்கும் குடுக்கேல்லை. போயிட்டு வாங்கோ," என்றார். அதைவிட நன்றாக விடைகொடுக்க எனக்குத் தெரியவில்லை.

மறுநாள், முதலாளிக்காகப் பணிப்பாளர் சங்கத்திடம் விண்ணப்பித்தார். மாரி மழை தொடங்கி, மீன்பிடிப் பருவம் முடிந்து படகுகள் கரையேறும்வரை சங்கம் கூடுவதில்லை.