கொடிவீரன் பிறந்த இடம்

கொடிவீரன் கண்டியில் பிறந்தவன் அல்ல. ஹாலிஎலவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைச் சுவரில் மட்டும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சுதந்திர தினத்துக்குச் சுதந்திர தினம் புதுச் சாயம் பூசுகிறார்கள். பொய்யையும் சேர்த்தே பூசுகிறார்கள். இந்தப் பொங்கலுக்குப் போனபோது அக்காவின் மகளும் தன் கொப்பியில் அவனை வரைந்து, கீழே "பிறப்பு: கண்டி" என்று எழுதியிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை உண்டாக்கியவள் நான்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாட்டைக் காக்கும் வீரன் ஒருவனைப் படக்கதையாக வரையச் சொல்லிப் போட்டி வைத்தார்கள். தேசியக் கொடியின் செம்மஞ்சளிலும் பச்சையிலும் அவனுக்குப் பறக்கிற சால்வை ஒன்று போட்டேன். மார்பில் சிங்கம், அது எங்கள் லயத்து நாயைப் போலத்தான் வந்தது. மண் சரிந்தால் மலையைத் தோளால் முட்டுக்கொடுத்து நிறுத்துவான். முதல் பக்கத்தில் அவன் வரலாறு: "பிறந்தது லயத்தில், ஏழாம் காம்பிராவில்." தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் நாங்கள் ஐந்து பேர் படுத்தெழும்பிய ஒற்றை அறை அது. வேறு எங்கே பிறப்பான்? ஆட்கள் பிறக்கிற இடம் என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

சித்திர சார் படித்துவிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர், அதுதான் இன்னும் எரிச்சல்.

"நாட்டுக்கே வீரன்னு சொல்ற, லயத்துல பொறந்தான்னா யாரும்மா ஒத்துக்குவாங்க? கண்டின்னு போடு, பரிசு ஒனக்குத்தான்."

எழுத்தை மறைக்கிற வெள்ளை மையையும் அவரே தந்தார். நான் பூசினேன். யாரும் என் கையைப் பிடித்துப் பூச வைக்கவில்லை. ஊதி ஊதிக் காயவைத்து, அழகான எழுத்தில் கண்டி என்று எழுதினேன். முதல் பரிசு கிடைத்தது. பிறகு அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிச் சுவரிலும் வரைந்தார்கள்.

பரிசளிப்புக்கு அப்பா அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்கு முந்திய வருடம்தான் அவருக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்திருந்தது. அதுவரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆள் அவர். வீட்டில் நான் எழுதும்போதே ஏழாம் காம்பிராவை அவர் வாசித்திருந்தார். கொப்பியை விரித்து அந்த இடத்தில் கண்டியைக் கண்டதும், சார்தான் மாற்றச் சொன்னார் என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. நேரே போய் சாரை மறித்தார்.

"அந்தக் காம்பிராவுலதான் சார் எங்கப்பா பொறந்தாரு. நானும் அங்கதான் பொறந்தேன். அத நம்ப வைக்க நாப்பது வயசு வரைக்கும் அரசாங்கக் கந்தோர் கந்தோரா அலைஞ்சேன். நீங்க ஒரு சொட்டு மையில முடிச்சிட்டீங்களே!"

"சின்னப் புள்ள கதைக்குப் போயி இவ்வளவு கோவமா?" என்றார் சார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பாவை யாரென்றே தெரியாதவள் மாதிரிச் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, சவர பிளேடால் அந்த வெள்ளை மையைச் சுரண்டத் தொடங்கினார். மெல்லத்தான் சுரண்டினார். கண்டி உதிர்ந்தது, கூடவே தாளும் கிழிந்து ஓட்டை விழுந்தது. பரிசுக் கொப்பியை நாசமாக்கிவிட்டார் என்று உருண்டு புரண்டு அழுதேன். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்பாவுக்கு என்மேல் பொறாமை என்று அம்மாவிடம் கோள்கூடச் சொன்னேன்.

நான் எழுதிய ஏழாம் காம்பிரா அடியில் இன்னும் இருக்கிறதா என்றுதான் அவர் பார்த்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.