நல்ல மனுஷர் வீட்டில் குடித்தனம்

அம்பாசமுத்திரத்தில் நாங்கள் குடியிருந்தது மாடி வீடு. கீழே வீட்டுச் சொந்தக்கார அண்ணாச்சி. தனியாக இருக்கிறவர், சுத்த சைவம். குடி வந்த அன்றே, சாப்பாடெல்லாம் உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் அவர் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போகிற நாளில்தான் எங்கள் அடுப்பில் கருவாடு பொரியும். ஜன்னலைச் சாத்திப் பொரித்துவிட்டு, கையோடு வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவேன். ஒருநாள் திரும்பி வந்தவர், மாடியில பக்தி முத்திப் போச்சே என்று மெச்சினார். எனக்குப் பாதி சிரிப்பு, பாதி வெட்கம்.

கல்லூரியில் நான் அரசியல் சிந்தனை நடத்துகிறவள். சுதந்திரம் என்றால் என்ன என்பதில் பழைய சண்டை ஒன்று உண்டு. யாரும் குறுக்கே வராவிட்டால் நீ சுதந்திரமானவள் என்கிறது தாராளவாதம். குடியரசுவாதம் அதோடு விடாது. நினைத்தால் உன் குறுக்கே வர ஒருத்தரால் முடியும் என்றாலே போச்சு, அவர் எவ்வளவு நல்லவரானாலும் நீ அவர் தயவில்தான் இருக்கிறாய் என்று சொல்லும். இதற்கு நல்ல எஜமான் வாய்த்த அடிமையை உதாரணம் சொல்வார்கள். அந்த வருஷம் அதை நடத்தும்போது எஜமான் இடத்தில் எங்கள் அண்ணாச்சி வந்து உட்கார்ந்துகொண்டார். அட, பாவம், அந்த மனுஷர் என்ன செய்தார்? ஒன்றுமே செய்யவில்லை. அப்புறம் நான் எதற்கு ஜன்னலைச் சாத்துகிறேன்?

யோசிக்க யோசிக்கப் பயமும் வந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அண்ணாச்சியோடு வாடகை ஒப்பந்தம் எல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. பரீட்சை நேரத்தில் காலி பண்ணச் சொன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கே போவது? ஒரு வருஷத்துக்கு எழுதி வாங்கிவிடலாம் என்றேன். தங்கமான ஆளைப் போய்ச் சீண்டாதே, பாடம் நடத்தி நடத்தி ஒனக்கு மண்டை காஞ்சு போச்சு என்று என் கணவர் சத்தம் போட்டார். நான் கேட்கவில்லை. இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

அண்ணாச்சி முகம் வாடிவிட்டது.

"நான் என்னைக்காவது காலி பண்ணச் சொல்லிருக்கனா?"

"இல்ல அண்ணாச்சி. ஆனா சொன்னா நாங்க போகணும்லா?"

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"எழுதித்தர எங்கிட்ட என்னம்மா இருக்கு?" என்றார் பைய. "வீட்டைப் போன வருஷமே மகன் பேருக்கு மாத்தியாச்சு. அவன் போன்னா நானும் போகவேண்டியதுதான்."

அவரே என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்:

"பயப்படாதீய. அவன் நல்ல பையன். ஒண்ணும் சொல்லமாட்டான்."