நடிக்காத அக்காவுக்கு ஒரு பரிசு

நீர் என் அக்காவின் அழுகையை அவருக்குத் தெரியாமல் எடுத்து உமது படத்தில் போட்டீர். இதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வராது. அந்த அழுகைக்குச் சிறந்த துணை நடிகை என்று ஒரு பரிசு கிடைக்க, அதையும் அவர் சார்பில் நீரே மேடையேறி வாங்கினீர். என் அக்கா நடிகை அல்ல. உடுவிலில் இரண்டு மாடுகளோடு தனியாக இருக்கிற அறுபத்தாறு வயதுப் பெண். இப்போது வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குக்கூடப் போவதில்லை. தான் நடிக்கவில்லை என்று நீர் எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்பது. அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் எழுதிப் பழகியவன் அல்ல. உரும்பிராயில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நீர் என் கடைக்கு வந்தது உமது தகப்பனாரின் பம்பைத் தூக்கிக்கொண்டு. மோட்டர் எரிந்திருந்தது. நான் அதைக் கழற்ற, நீர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்.

"அண்ணை, ஒரு படம் எடுக்கப்போறன். ஒரு சர்வாதிகாரி சாகிற கதை. நீங்கள்தான் சர்வாதிகாரி."

"எனக்கு நடிக்கத் தெரியாது."

"நடிக்கத் தேவையில்லை. துவக்கத்திலையே செத்துப்போவியள். பிறகு படம் முடியுமட்டும் கிடக்கிறதுதான் வேலை."

"கிடக்கிறதுக்கு ஏன் நான்? ஆரெண்டாலும் காணும்தானே."

"உங்கடை முகத்தைப் பார்த்தால் செத்த பிறகும் சனம் பயப்பிடும் அண்ணை."

பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் சிரித்ததில் தேநீர் அவருக்கு மூக்கால் வந்தது. அவரையும் அங்கேயே பிடித்து, படத்தில் வைத்தியர் ஆக்கினீர். பிரதம மந்திரிக்கு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட உப அதிபர் ஒருவர் கிடைத்தார். சர்வாதிகாரியின் மனைவிக்குக் குருநகரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மாதாகோயில் கூத்துகளில் ராணி வேடம் கட்டிப் பழகியவர். எங்களில் நடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

கதை நல்ல கதை. அதை நான் இன்றும் மறுக்கவில்லை. அந்த நாட்டில் சர்வாதிகாரியின் கையெழுத்து இல்லாமல் யாரும் சாக முடியாது என்று சட்டம். இப்போது அவனே செத்துவிட்டான். அவனுடைய சாவுக்கு யார் கையெழுத்து வைப்பது? வைத்தியர் பயத்தில், ஐயா ஆழ்ந்த யோசனையில் இருக்கிறார் என்று எழுதிக் கொடுக்கிறார். மந்திரிமார் பிணத்தின் கையில் பேனையைச் செருகிப் பார்க்கிறார்கள். பேனை விழுந்துகொண்டே இருக்கிறது. அந்தக் காட்சியில் எனக்குச் சிரிப்பு வந்து வயிறு குலுங்கியது. பிணத்தின் வயிறு குலுங்கினால் எடுத்ததெல்லாம் வீண். ஒன்பது தரம் எடுத்தீர். ஒன்பதாம் தரம் உப அதிபர், "செத்தும் எங்களை வதைக்கிறான் உவன்" என்று முணுமுணுத்தார். அது வசனத்தில் இல்லை. நீர் அதையும் வைத்துக்கொண்டீர். கிடைத்ததை விடாமல் வைத்துக்கொள்கிற குணம் உமக்கு அப்போதே இருந்தது.

செத்தவீட்டுக் காட்சிக்கு என் வீட்டைக் கேட்டீர். கொடுத்தேன். பந்தல் போட்டு, வீட்டுக்கு வருகிற ஒழுங்கையில் வெள்ளைக்கொடி கட்டி, பறைமேளம் பிடித்து, நடு விறாந்தையில் பெட்டியை வைத்து என்னைக் கிடத்தினீர்கள். மேளகாரருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "உயிரோடை இருக்கிறவனுக்கு அடிக்கிறது நல்லதில்லைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் அடித்தார்.

உமக்கு வேண்டியது ஓர் அழுகை. நாடே பொய்யாக அழுகிறபோது ஒரேயொரு பெண் உண்மையாக அழ வேண்டும். குருநகர் அம்மா அழுது காட்டினார். எனக்கே கண் கலங்கியது. உமக்கு அது போதவில்லை.

"அது கூத்து அழுகை அம்மா. எனக்கு உண்மை வேணும்."

"உண்மை வேணுமெண்டால் ஆரையும் சாகக்கொல்லும் தம்பி" என்று அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

அன்று பின்னேரம் தேநீர் குடிக்கும்போது நீர் என்னிடம் கேட்டீர்.

"அண்ணை, நீங்கள் உண்மையாச் செத்தால் ஆர் அழுவினம்?"

விளையாட்டுக் கேள்வி என்று நினைத்தேன். அக்காவைப் பற்றிச் சொன்னேன். உடுவிலில் இருக்கிறார், சந்திக் கடைக்குப் பால் கொடுக்கிறார் என்றும் சொன்னேன். தாய் தகப்பன் தந்த காணியில் என் வீட்டுக்குப் பக்கத்துத் துண்டு அவருடைய சீதனம். நடுவே தடிகள் நட்ட கதியால் வேலி இருந்தது. கறையான் அரித்த கதியால்களைப் பிடுங்கிவிட்டு நான் மதில் கட்டினேன். கட்டும்போது இரண்டு கதியால் அகலம் அவர் பக்கம் தள்ளிவிட்டது. தள்ளிவிட்டது என்று இவ்வளவு காலமும் சொல்லிவந்தேன். தள்ளியது நான்தான். அவர் வந்து கேட்டார். நான் வாய்க்கு வந்தபடி பெரிய கதை கதைத்தேன். அன்றிலிருந்து எட்டு வருடம் பேச்சில்லை. அவர் மகளின் கலியாணத்துக்கு எனக்குச் சொல்லவும் இல்லை, நான் போகவும் இல்லை.

"அப்ப செத்தால் வரமாட்டாவோ?" என்று கேட்டீர்.

"செத்தால் வருவா. நல்லதுக்கு வராட்டிலும் கெட்டதுக்கு வராமல் விடமாட்டா" என்றேன்.

அதைச் சொன்ன வாயை என்ன செய்வது?

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் கறுப்புக் கரை போட்டுப் படத்துடன் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி அடித்துச் சந்திகளில் ஒட்டுவார்கள். சனம் அதில் படத்தைப் பார்க்கும், கறுப்புக் கரையைப் பார்க்கும். எழுத்தை ஒருவரும் வாசிப்பதில்லை. பார்த்த இடத்திலிருந்து வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு செத்தவீட்டுக்கு வந்துவிடும். எந்தப் பகை இருந்தாலும் வரும். படத்துக்கும் அப்படி ஒரு சுவரொட்டி வேண்டும் என்றீர். சீருடை போட்ட படம் வேண்டாம், சர்வாதிகாரி எளிமையான மனிதனாகத் தெரியட்டும் என்றீர். நான் வெள்ளைச் சேட்டுப் போட்ட படம் ஒன்றை அலுமாரியிலிருந்து எடுத்துத் தந்தேன். மேலே "எங்கள் ஐயா" என்று பெரிய எழுத்து. "நாட்டின் நிரந்தரத் தலைவர்" என்பது கீழே எறும்பு எழுத்தில். என் வீட்டு மதிலில் மட்டும் ஒட்டுவோம் என்றுதான் சொன்னீர்.

அடுத்தநாள் காலை முதலில் வந்தவர் ஏழாலையில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். குடையோடு வாசல் படலையில் நின்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டார்.

"எத்தினை மணிக்கு எடுக்கினம்?"

"என்னத்தை?"

"பிரேதத்தை. நல்ல மனிசன். என்ரை மோட்டர் ஒண்டு அவரிட்டைக் கிடக்கு. அதை இனி ஆரிட்டை வாங்கிறது?"

நான் பெட்டிக்குள் இருந்து எழும்பி, "வெள்ளிக்கிழமை வாரும், தாறன்" என்றேன். அவர் குடையைப் போட்டுவிட்டு ஒழுங்கை முடக்குவரை ஓடினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன். சுவரொட்டி என் மதிலைத் தாண்டிப் போயிருக்கிறது என்பது அந்த நேரமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆளனுப்பிக் கிழிக்கச் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லை. அது என் பிழை. அதை நான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். உமது முறைக்குத்தான் காத்திருக்கிறேன்.

பத்தரை மணியிருக்கும். நான் பெட்டியில் கண்ணை மூடிக் கிடக்கிறேன். பறை அடிக்கிறது. படலைப் பக்கம் ஓட்டோ ஒன்று நின்ற சத்தம். பிறகு ஒரு பெண் குரல், வாசலிலிருந்தே பெரிதாக அழுதுகொண்டு வருகிறது. நீர் வேறு யாரையோ கூட்டிவந்து நடிக்க வைக்கிறீர் என்றுதான் நினைத்தேன். அவர் என் நெஞ்சில் விழுந்தார். தலையிலிருந்த எண்ணெய் மணத்திலேயே எனக்கு ஆள் விளங்கிவிட்டது.

"என்ரை தம்பி, ரெண்டு கதியாலுக்காக எட்டு வருசம் என்னோடை கதைக்காமல் இருந்தனியே. நான் வந்து கதைச்சிருப்பனே. நான்தானே மூத்தவள். நான்தானே வந்திருக்கோணும். அந்தக் காணியை முழுக்க எடடா. எழும்படா."

நான் எழும்பவில்லை. ஏன் என்று இத்தனை மாதமும் என்னையே கேட்கிறேன். பறை நிற்கவில்லை, நீர் நிறுத்தச் சொல்லவில்லை என்பதெல்லாம் சாட்டு. எட்டு வருடத்துக்குப் பிறகு அக்கா என்னோடு கதைக்கிறார். எழும்பினால் அது நின்றுவிடும் என்று பயந்தேன். அவ்வளவுதான். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ. பிறகு அவருடைய கை என் முகத்தைத் தடவியது. நான் கண்ணைத் திறந்தேன்.

"அக்கா" என்றேன்.

அவர் அலறவில்லை. என்னைப் பார்த்தார், நெஞ்சில் குத்தியிருந்த சோடா மூடிப் பதக்கங்களைப் பார்த்தார். திரும்பி, கமராவைப் பார்த்தார். யாரோ பின்னால் சிரித்தார்கள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த ஓட்டோவிலேயே ஏறிப் போய்விட்டார். நான் சீருடையோடு ஒழுங்கையில் ஓடினேன். பிடிக்க முடியாமல் திரும்பி வந்தபோது, குருநகர் அம்மா மட்டும் உம்மிடம் வந்து, "தம்பி, எடுத்ததை அழிச்சுவிடும்" என்று சொன்னார். நீர் ஓம் என்று தலையாட்டினீர். நான் அதைக் கண்டேன்.

அழிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் படத்தைக் காட்டினீர். முன்வரிசையில் இருந்து பார்த்தேன். நான் கண் திறப்பதற்குச் சற்று முன்னால் வெட்டியிருந்தீர். ஒரு பெண் சர்வாதிகாரியின் பிணத்தோடு கதியாலுக்குச் சண்டை பிடிக்கிறாள் என்று நினைத்து மண்டபம் முழுக்கச் சிரித்தது. எனக்குப் பின்னால் இருந்தவர் கைதட்டினார். படத்தைப் பற்றி எழுதிய ஒருவர், அந்த இரண்டு கதியால்கள் எல்லை அரசியலின் குறியீடு என்று எழுதினார். எழுதிய ஐயா, அது குறியீடு அல்ல. கிளுவைத் தடி. வேண்டுமானால் வந்து பாரும், என் காணி எல்லையில் கட்டை இன்னும் கிடக்கிறது.

பிறகு பரிசு. பிறகு அந்தத் துண்டு மட்டும் தொலைபேசிகளில் ஓடியது. கனடாவிலிருந்து அக்காவின் மகள் தொலைபேசி எடுத்து, "அம்மா, எனக்குச் சொல்லாமல் நடிக்கப் போனனீங்களோ?" என்று கேட்டிருக்கிறாள். கோயிலில் ஒருத்தி, "உங்கை வாறா நடிகை. எங்கை, ஒருக்கா அழுது காட்டுங்கோ" என்றாளாம்.

உமக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, படத்திலை உண்மையான இடம் அது ஒண்டுதான். அதை வெட்டினால் படம் செத்திடும்."

"அவவைக் கேட்டனீரோ?"

"உங்கடை வீட்டிலை எடுக்கலாம் எண்டு நீங்கள் எழுதித் தந்தனீங்கள்தானே."

வீட்டைத்தான் எழுதித் தந்தேன். அக்காவை அல்ல.

உடுவிலுக்குப் போனேன். அக்கா படலையைத் திறக்கவில்லை. உள்ளே நின்றுதான் கதைத்தார்.

"நீ சாகேல்லை எண்டது எனக்குச் சந்தோசம். ஆனால் இனி நீ செத்தாலும் நான் வரமாட்டன். வந்தால் அங்கையும் ஆரும் படம் எடுத்துக்கொண்டு நிப்பாங்கள்."

"மதிலை இடிக்கிறன் அக்கா."

"மதில் இருக்கட்டும். நான் நடிக்கேல்லை எண்டு அவனைச் சொல்லச் சொல்லு. ஒளிச்சு நிண்டு சொல்ல வேண்டாம். சிரிச்ச சனத்துக்கு முன்னாலை சொல்லட்டும்."

மதிலை இடித்துவிட்டேன். அது என்னால் முடிந்தது. மற்றது உம்மால் மட்டும்தான் முடியும்.

வருகிற மாதம் தெல்லிப்பழையில் படத்தைத் திரும்பவும் காட்டப்போகிறீர், முடிந்ததும் கலந்துரையாடல் என்று அறிவித்திருக்கிறீர். நானும் வருவேன். மருந்துக்கடைக்காரரும் குருநகர் அம்மாவும் வருகிறார்கள். என் வீட்டு மதிலுக்கு என்று அடித்த சுவரொட்டியை உடுவில் சந்தியில், அதுவும் என் அக்கா பால் கொடுக்கப் போகிற கடைக்கு எதிரே, ஒட்டச் சொன்னது யார்? அழுத பெண்ணிடம் எந்த நாளில், எந்த இடத்தில் சம்மதம் கேட்டீர்? எனக்குத் தனியாக விளக்கம் சொல்லத் தொலைபேசி எடுக்க வேண்டாம், நான் எடுக்கமாட்டேன். ஒலிவாங்கி உமது கையில்தான் இருக்கும். படம் பார்த்த சனம் எழும்பிப் போவதற்கு முன்னால், இந்த இரண்டுக்கும் அங்கேயே பதில் சொல்லும்.