எட்டாம் வகுப்பு வாசித்த காணவில்லை விளம்பரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதம் நடந்தது இது. அப்போது நான் பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். காப்பிப் பழம் பறிக்கிற நேரம் என்பதால் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலியாகத்தான் கிடக்கும். வந்த பிள்ளைகளையாவது தடுமாறாமல் வாசிக்க வைத்துவிடலாம் என்று தினமும் முதல் பீரியடில் பேப்பர் வாசிக்க ஆரம்பித்திருந்தோம்.

பேப்பர் டீக்கடை உபயம். வத்தலக்குண்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியதும், நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற கடையில் முந்தின நாள் பேப்பரை எனக்காக எடுத்து வைத்திருப்பார்கள். அங்கே வேலை பார்த்த அக்காதான் தாள்களை வரிசையாக அடுக்கி மடித்துத் தருவார். அவர் அந்தக் கடைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. பழனியில் மொட்டை போட்டு வளர்ந்த முடி, தோளைக்கூடத் தொடவில்லை. அதிகம் பேச மாட்டார். பேப்பரில் டீக்கறை இருக்கும், வடை எண்ணெய் இருக்கும், சினிமாப் பக்கம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. செய்தி ஒரு நாள் பழசு என்பதில் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை.

வாசித்து முடித்ததும் யார், எங்கே, எப்போது, ஏன் என்று கேட்பேன். கடைசியாக எப்போதும் ஒரு கேள்வி உண்டு. இந்தச் செய்தி முழுசாகத் தெரிய இன்னும் யாரைக் கேட்க வேண்டும்? காட்டுமாடு வாழைத் தோட்டத்தில் புகுந்த செய்திக்கு, காட்டுமாட்டைத்தான் கேட்கணும் டீச்சர் என்று ஒருவன் சொன்னான். தப்பென்று சொல்ல முடியவில்லை.

அன்றைக்குச் சின்ன விளம்பரங்களை எடுத்துக்கொண்டோம். வீடு வாடகைக்கு, ஆட்கள் தேவை என்கிற மாதிரி. பின் பெஞ்சுக் குழுவுக்குக் கிடைத்தது ஒரு காணவில்லை விளம்பரம். சேலை கட்டி, நீளச் சடை போட்டு, பூ வைத்த ஒரு பெண்ணின் படம். சற்று மனநலம் பாதிக்கப்பட்டவர், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு உண்டு, தகவல் தருபவர்களுக்குத் தக்க சன்மானம் என்று போட்டுக் கீழே ஒரு போன் நம்பர்.

வாசித்துக்கொண்டிருந்த பையன் நிறுத்திவிட்டான். பக்கத்தில் இருந்தவன் படத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

"டீச்சர், இது நம்ம டீக்கடை அக்கா!"

வகுப்பே அந்தப் பெஞ்சின் மேல் விழுந்தது. நானும் வாங்கிப் பார்த்தேன். முடியை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் பார்த்தால் அவரேதான். தழும்பும் அதே இடம். தினமும் பேப்பர் வாங்குகிற எனக்குத் தெரியாதது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஒரே பெருமை. பேப்பர் வாசிக்க வைத்து என்னத்தைக் கண்டீர்கள் என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டவர்களுக்கெல்லாம் மனசுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டேன்.

"வெரசா போன் போடுங்க டீச்சர். சன்மானத்துக்கு நம்ம கிளாசுக்கு கிரிக்கெட் பேட்டு வாங்கலாம்!"

வகுப்பறையில் டவர் கிடைக்காது. பள்ளிக் கேட்டுக்குப் பக்கத்தில் போனால்தான் ஒரு கோடு காட்டும். நம்பரை அழுத்திக்கொண்டே அங்கே போனேன். பாவம், வீட்டில் எப்படித் தவித்துப்போயிருப்பார்கள் என்றுதான் ஓடியது மனசில். பின்னாலேயே ஒரு பெண் பிள்ளை வந்தது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

"டீச்சர், இன்னும் யாரக் கேக்கணும்னு நீங்க கேக்கவே இல்லையே. அக்காகிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா? அந்த அக்காவுக்கு மூளைக் கோளாறெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். மிச்சக் காசெல்லாம் டக்குன்னு குடுக்கும்."

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. இருந்தாலும் ரிங் போவதற்குள் போனை அணைத்தேன். வகுப்பைப் பக்கத்து டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, பேப்பரோடு கடைக்கு நடந்தேன்.

கடையில் கூட்டம் இல்லை. முதலாளியும் இல்லை. அக்கா கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். நான் விளம்பரம் தெரிகிற மாதிரி பேப்பரை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"நேத்தே பாத்துட்டேன் டீச்சர். கிழிச்சு அடுப்புல போட்டுரலாமான்னு நெனச்சேன். பிள்ளைக படிக்கிற பேப்பரு, ஓட்டையோட எப்படிக் குடுக்குறதுன்னு விட்டுட்டேன். போன் போட்டுட்டீகளா?"

இல்லை என்றேன். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"புருவத்துல தழும்புன்னு போட்டுருக்காகள்ல. அது எப்படி வந்துச்சுன்னு போட்டுருக்காகளா? கீழ கெடக்கே ஒரு நம்பரு, அது என் வீட்டுக்காரரு நம்பரு. அந்த மனுசன் குடுத்ததுதான் இந்தத் தழும்பு."

அவரேதான் மேலே சொன்னார்.

"முன்னயும் ஒருக்க இப்படித்தான் கெளம்பிப் போனேன். அப்பவும் பேப்பர்ல குடுத்தாக. யாரோ ஒரு நல்ல மனுசரு பாத்துட்டு, பாவம்னு போன் பண்ணிட்டாரு. வந்து கூட்டிட்டுப் போனாக. அன்னைக்குத்தான் இந்த வெட்டு விழுந்துச்சு."

அன்றே தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். மறுநாள் நாங்கள் இருவரும் அவரைக் கொடைக்கானலுக்கு, மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் அம்மா அவரிடம் தனியாகப் பேசினார். சொந்த விருப்பத்தில்தான் வந்தேன், திரும்பிப் போக இஷ்டமில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார். உயிரோடு, பத்திரமாக இருக்கிறார் என்பதை மட்டும் புருஷன் ஊர் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிடுவதாகவும், இடத்தைச் சொல்லப்போவதில்லை என்றும் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா பெருமாள்மலை வரைக்கும் தூங்கிக்கொண்டு வந்தார்.

வகுப்பில் என்ன சொல்வது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. அக்காவைக் கேட்டேன், அவர் போன் போட வேண்டாம் என்றார், இதை வெளியே பேசினால் அவருக்கு அடி விழும் என்று இருக்கிறபடியே சொல்லிவிட்டேன். பேட் போச்சு என்று ஒருவன் முனக, "ஏலே, வாய மூடுலே" என்று இன்னொருவன் அதட்டினான். எட்டாம் வகுப்பு ஒரு ரகசியத்தைக் காப்பாற்றும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் காப்பாற்றினார்கள். நான் திருப்பிக் கொண்டுவந்து வைத்த அந்தப் பக்கத்தை எனக்குத் தெரியாமல் அவர்களே கிழித்தும் போட்டிருந்தார்கள்.

இப்போது எனக்கு வேறு ஊர், வேறு பள்ளி. இங்கேயும் பிள்ளைகளோடு பேப்பர் வாசிக்கிறேன். முதல் தடவை போன் செய்தாரே, அந்த முகம் தெரியாத நல்ல மனிதரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தொலைந்துபோன ஒரு பெண்ணை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தோம் என்று அவர் இன்றைக்கும் நாலு பேரிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பார், அன்றைக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே பள்ளிக் கேட்டை எட்டியிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.